மூன்றா, எட்டா

மாமரத்துக்கு வயது கேட்கிற ஊர் இது.
நில எடுப்பு தாசில்தார் கேட்பார்:
காய்ப்புக்கு வந்ததா, வராததா,
அடிமரச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்.
அதனால் என் கைப்பையில்
எப்போதும் ஒரு தையல்காரர் டேப்.
வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால்
அளக்கிற வக்கீலம்மா என்றுதான் சொல்வார்கள்.

முதல் வழக்கில்
அரசுத் தரப்பு பதினோரு மரம் என்றது.
போய் எண்ணினேன், பதினான்கு.
விடுபட்ட மூன்றும்
சர்வேயர் ஜீப்பை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்த
நிழலுக்குச் சொந்தமானவை.

இருபத்தாறு வருடம்.
சிப்காட்டுக்கு, நான்குவழிச் சாலைக்கு,
கேஸ் குழாய்க்கு, மின்கோபுரத்துக்கு
என்று எடுக்கிறவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள்.
பட்டாவில் மட்டும்
செத்துப்போன பாட்டன் பெயர் மாறவே இல்லை.

சாட்சிக் கூண்டில் முனிவெங்கடப்பா தெலுங்கில் பேசுவார்.
நான் தமிழில் சொல்வேன்.
நீதிபதி அதை ஆங்கிலத்தில் சொல்ல
தட்டச்சு ஒரு வரியாக்கும்.
ஒருமுறை "மெட்ட" என்றார்.
மழையை நம்பிக் கேழ்வரகும் அவரையும் எடுக்கிற மேட்டு நிலம்.
மூன்று மொழி தாண்டித் தாளில் இறங்கியபோது
அது தரிசாகிவிட்டிருந்தது.
சென்ட்டுக்கு நானூறு ரூபாய்
வழியிலேயே சிந்திப்போனது.
மறுநாள் திருத்த மனு போட்டேன்.
எல்லாச் சொல்லுக்கும் போட முடிந்ததில்லை.

பீஸே கேட்டதில்லை என்று
என்னைப் பற்றி யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள்.
கேட்டிருக்கிறேன்.
ராயக்கோட்டையில் விலை விழுந்த ஒரு வாரம்
டெம்போ நிறையத் தக்காளி வந்தது.
மாடிப்படியெல்லாம் தக்காளி.
வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார்.

சொல்ல வந்தது வேறு.

திம்மக்கா. ஒன்றரை ஏக்கர் போயிற்று.
கொடுத்த விலை போதாது என்று கேட்க
ஆறு வாரம் கெடு. நாற்பத்திரண்டு நாள்.
நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைத்
தலையாரி பேனாவால் குறித்திருந்தார்.
அந்த மூன்றின் வாய் மூடியிருந்தது.
எட்டு என்று படித்தேன்.
என் கணக்கில் நாற்பதாம் நாள்,
தெம்பாகப் போய்க் கொடுத்தேன்.
அது நாற்பத்தைந்து.

தள்ளுபடி. மேலேயும் தள்ளுபடி.
தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு.
இந்தக் கெடுவுக்கு அது பொருந்தாதாம்.

"கோர்ட்டு ஒத்துக்கலை" என்றேன் அவளிடம்.
பழியைக் கோர்ட்டின் மேல் இறக்கிவைத்தேன்.
பெரிய கட்டடம், தாங்கும்.

பஸ் காசை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:
"மூணாந்தேதிதாம்மா அந்தக் காயிதம் வந்துச்சு.
எருமை கன்னு போட்ட மறுநாள்.
சீம்பால் காய்ச்சிட்டிருந்தேன்.
தலையாரிக்கும் ஒரு டம்ளர் குடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.
கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பாள்.
நான் தாளைக் கேட்டேன்.

எட்டு வருடம் கழித்து
மிச்சமிருந்த முக்கால் ஏக்கரில் குழாய் வந்தது.
ஊரில் வேறு வக்கீல்கள் இல்லாமலில்லை.
என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து
பெருவிரலை மையில் அழுத்தினாள்.
"நாளு நான் சொல்றேன். நீங்க எழுதிக்குங்க."

இப்போது என் டைரியில்
தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது.
மோட்டார் காயில் எரிந்த அன்று.
மாரேகவுடு மகள் பெரியவளான மறுவாரம்.
ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்த சாயங்காலம்.
ஜூனியர் பெண் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

இன்று காலை சூளகிரியிலிருந்து ஒருவர்.
மின்கோபுர நோட்டீஸ்,
தேதியின் மேல் மழை விழுந்திருக்கிறது.
"பூசணி மொதப் பூ விட்ட அன்னிக்கு" என்கிறார்.

டேப்பை ஓரமாக வைத்துவிட்டு
விதை எப்போது போட்டீர்கள் என்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.